உளுந்து வடையில் ஒரு எஃகுக் குண்டு

டிக்... டிக்... டிக்...

கரமனையில் பூதலிங்கத்தின் வீட்டு முன்னறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சுவரில்தான் கடிகாரம் தொங்குகிறதே. அதன் பேட்டரியை டி.வி. ரிமோட்டுக்காகக் கழற்றி எட்டு நாளாகிறது என்பது அந்த நேரத்தில் வீட்டுக்காரர்களுக்கே நினைவில்லை.

2004. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

சோபாவின் நடுவில் விஜயலக்ஷ்மி. செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். கணவர் மஸ்கட்டில். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதானே தவிர ஃபைலிலிருந்து அல்ல. கைப்பைக்குள் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் மகனின் ஜாதகம், ஜாதகத்தின் ஓரத்தில் தேதி போட்டு அவரே வைத்த சுருக்கொப்பம்.

பக்கத்தில் மகன் வினீத். இரண்டு வருடம் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஆறு மாதம் முன்பு டெக்னோபார்க்கில் சேர்ந்தவன்.

"எம் பையனுக்கு வாயே கிடையாது அண்ணாச்சி," என்றார் விஜயலக்ஷ்மி. "பெங்களூர்லேருந்து வந்த பொறவு அப்படி ஒரு அடக்கம். என்ன கேட்டாலும் ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். இந்தக் காலத்துல எங்க கிட்டும் இப்படி ஒரு பையன்?"

வினீத் தலையாட்டினான்.

டிக்... டிக்...

பூதலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. சாலைக் கடைத்தெருவில் முப்பது வருடமாக பேரிங் கடை வைத்திருப்பவர். சத்தமில்லாமல் சுழலும் எதையும் அவருக்குப் பிடிக்கும்.

ரேஷ்மி தட்டோடு வந்தாள். பல் டாக்டருக்குப் படித்து முடித்து, கரமனை ஜங்ஷனில் ஒரு கிளினிக்கில் சீனியர் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையின் கண்ணைப் பார்க்கச் சொல்லி அம்மா பொன்னம்மை காலையிலிருந்து பாடம் நடத்தியிருந்தாள். ரேஷ்மியின் பார்வை தொழில் பழக்கத்தில் வாய்க்குத்தான் போயிற்று. அது பூட்டியிருந்தது.

தட்டில் பொன்னம்மையின் உளுந்து வடை. பல் இல்லாதவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வடை. அந்த மலையாள ஊரில் வாழும் தமிழர்களின் சமாஜத்துப் பூஜைக்குப் பத்து வருடமாக வடை சுடும் பொறுப்பை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

வினீத் ஒரு வடையை எடுத்தான். கடித்தான்.

டக்.

இது கடிகாரச் சத்தம் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

வினீத்தின் முகம் கோணியது. வாயிலிருந்து வடைத் துண்டோடு பளபளப்பாக ஏதோ ஒன்று தட்டில் விழுந்து 'ணங்' என்றது. தட்டைத் தாண்டித் தரையில் குதித்து சோபாவுக்கடியில் உருண்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினான்.

பூதலிங்கம் குனிந்து கையை நீட்டி அதை எடுத்தார். எஃகுக் குண்டு. சின்னது. முப்பது வருடப் பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு. குண்டு எங்கே கிடந்து எடுத்தாலும் அடுத்த நொடி அது சட்டைப் பையில் இருக்கும். இதுவும் போயிற்று.

"அதை இங்க தாருங்க," என்று விஜயலக்ஷ்மி கையை நீட்டினார்.

பூதலிங்கம் பையில் விரலை விட்டு ஒரு குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். விஜயலக்ஷ்மி அதை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பேரிங் கடைக்காரர் வீட்டு வடையில பேரிங் குண்டு. நல்ல பொருத்தம்."

"மேடம், இது எப்படி..."

"அதை நீங்க சொல்லணும், மிஸ்டர் பூதலிங்கம்."

அண்ணாச்சி மிஸ்டர் ஆன வேகத்தில் பொன்னம்மை சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வினீத் கைக்குட்டையை வாயில் அமுக்கியபடி திரும்பி வந்தான். கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை உடைந்து போயிருந்தது. ரேஷ்மி "கொஞ்சம் காட்டுங்க" என்றபடி பக்கத்தில் வந்தாள். அவன் இரண்டடி பின்வாங்கி, வேண்டாம் என்று தலையாட்டினான்.

விஜயலக்ஷ்மி குண்டை ஒரு கவரில் போட்டு மேலே தேதி எழுதினார்.

"புதன்கிழமை சாயங்காலம் நீ வேலை பாக்குற கிளினிக்குக்கே இவனைக் கூட்டிட்டு வாறேன்," என்றார் ரேஷ்மியிடம். "வேற டாக்டர்கிட்ட வாங்கினா உங்க வீட்டுல நம்ப மாட்டாங்க. வடையில கிடந்த குண்டாலதான் பல்லு போச்சுன்னு உன் கையாலேயே எழுதித் தரணும். சனிக்கிழமை சமாஜம் மாதக்கூட்டம். எனக்கு அங்க வாயால சொல்லிப் பழக்கமில்லை. எழுத்து வேணும்."

கார் கிளம்பிப் போனது. வடைக்குப் பிறகு பரிமாற வைத்திருந்த கேசரி அப்படியே இருந்தது.

*

"சட்டையைக் கழத்துங்க," என்றாள் பொன்னம்மை.

"எதுக்கு?"

"கழத்துங்கன்னு சொல்லுகேன்லா."

சட்டையை வாங்கிப் பையைத் தலைகீழாக்கினாள். ஒரு குண்டு, ஒரு பஸ் டிக்கெட், பென்சில் துண்டு. குண்டைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. கத்துகிற பொன்னம்மையை பூதலிங்கத்தால் சமாளிக்க முடியும். குரல் இறங்கிய பொன்னம்மையை எதிர்கொள்ள அவரிடம் வழியில்லை.

"இன்னும் ஒண்ணு கிடக்கு. பாத்தியளா? மாவுல எத்தனை விழுந்ததோ."

"நான் அடுக்களைப் பக்கம் வரவே இல்லியே."

"காலைல உப்பு பாக்க வந்தது யாரு? கிரைண்டருக்கு மேல குனிஞ்சு நின்னது யாரு?"

பூதலிங்கத்துக்கு நினைவு வந்தது.

"அந்தக் குண்டு உங்க கடையிலேருந்து வரல்லைன்னு எனக்குத் தெரியணும். அது வரைக்கும் இந்த அடுக்களைல உங்களுக்கு ஒரு வாய் காப்பி கிடையாது. சனிக்கிழமை அந்தம்மா சமாஜத்துல வாசிச்சா, பொறவு எனக்க வடையை யாரு தொடுவா? பூஜைக்குப் பிஸ்கட்டுதான் வாங்கி வைப்பாங்க."

*

திங்கட்கிழமை. காப்பியில்லாத காலை. பூதலிங்கம் கடையைத் திறந்தபோது தலை கனத்தது.

பையில் இருந்த குண்டை எடுத்து டப்பாவில் போடப் போனார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை ஒருமுறை உருட்டினார்.

கை நின்றது.

சனிக்கிழமை அவர் பையில் போட்டது சைக்கிள் பின்சக்கரத்துக் குண்டு. கால் இஞ்ச். இது கால் இஞ்ச் இல்லை. ஒரு மயிரிழை குறைவு. வெர்னியரை எடுத்து அளந்தார். சரியாக ஆறு மில்லிமீட்டர்.

கடையில் இரும்புத்தூள் பொறுக்க ஒரு காந்தம் உண்டு. அதைக் குண்டின் அருகே கொண்டுபோனார். பேரிங் குண்டு என்றால் துள்ளி ஒட்ட வேண்டும். இது உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இன்னும் நெருக்கினார். அப்போதும் இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குண்டைத் திருப்பினார்.

ஒரு பக்கத்தில் துளை. துளைக்குள் மரை.

லட்சம் குண்டு பார்த்த கை அது. மரை போட்ட பேரிங் குண்டை இந்த உலகத்தில் யாரும் செய்ததில்லை. வாட்ச் ரிப்பேர்க்காரன் உபயோகிக்கும் பொடி ஸ்க்ரூ மாதிரி ஏதோ ஒன்று இதற்குள் ஏறியிருக்க வேண்டும்.

வடையில் வந்த குண்டு இதுதான். அப்படியானால் விஜயலக்ஷ்மியின் கவரில் இருப்பது?

கால் இஞ்ச் சைக்கிள் குண்டு. அவர் கடைச் சரக்கு. அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்த சாட்சி.

பூதலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

*

அன்று சாயங்காலம் ரேஷ்மி குண்டை வாங்கி ஒரே ஒரு முறை பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"அப்பா, இது நாக்குல போடுறது."

"நாக்குலயா?"

"நாக்குல துளை போட்டு ஒரு கம்பி. கம்பிக்கு மேல ஒரு குண்டு, கீழ ஒரு குண்டு. மேல உள்ளதை முறுக்கிக் கழத்தலாம்."

"நேர்ச்சையா?"

"பேஷன்."

பூதலிங்கம் வேளிமலைக் குமாரகோவிலில் அலகு குத்தியவர்களைப் பார்த்திருக்கிறார். அவர்கள் விரதமிருந்து குத்தினார்கள், நடந்தார்கள், சந்நிதியில் உருவி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அலகோடு ஆபீசுக்குப் போனவர் யாரும் அவருக்குத் தெரிந்து இல்லை.

"அந்தப் பையனா? வாயே கிடையாதுன்னு அந்தம்மா சொன்னாளே," என்றாள் பொன்னம்மை.

"வாய் உண்டு. திறந்தா தெரிஞ்சுபோகும், அதான் திறக்கல்ல. நேத்து டிக் டிக்குனு ஒரு சத்தம் கேட்டுதுல்லா? பதட்டத்துல குண்டைப் பல்லுல தட்டிட்டே இருந்திருக்காரு. தட்டித் தட்டி முறுக்கு லூசாயிருக்கும்."

"அது கடிகாரச் சத்தம்," என்றார் பூதலிங்கம்.

"பேட்டரி ரிமோட்ல கிடக்குப்பா."

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். கடிகாரம் பத்தே கால் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

பூதலிங்கம் போனை நோக்கிப் பாய்ந்தார். ரேஷ்மி கையைப் பிடித்தாள்.

"என்ன சொல்லப் போறிய? நான் கொடுத்தது வேற குண்டு, உண்மையான குண்டு எனக்க பையில இருக்கு, அது உங்க மகன் நாக்குலேருந்து விழுந்ததுன்னா? அவங்க நம்புவாங்களா?"

பூதலிங்கம் யோசித்தார். அவரே நம்பமாட்டார்.

"அந்தப் பையன் வாயாலதான் வரணும்," என்றாள் ரேஷ்மி. "புதன்கிழமை வரட்டும். அது வரைக்கும் நாக்கு, கம்பி எதையும் நீங்க வெளிய விடப்பிடாது. சத்தியம்?"

"சத்தியம்," என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் நம்பிக்கையோடு திரும்பினார். "காப்பி?"

"குண்டு நம்ம கடையோடது இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சா போதாது. அந்தம்மாவுக்குத் தெரியணும்," என்றாள் பொன்னம்மை. அவள் எப்போது நிபந்தனையை மாற்றினாள் என்று அவருக்குப் புரியவில்லை.

*

புதன்கிழமை, மாலை ஆறு மணி. சீனியர் டாக்டர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கிளினிக்கில் ரேஷ்மி மட்டும்.

விஜயலக்ஷ்மி உள்ளே வந்தார். ஃபைல் இப்போது தடித்திருந்தது. பின்னால் வினீத், தூக்குமேடைக்குப் போகிறவன் நடையில். வெளியே பெஞ்சில் பூதலிங்கம், கையில் ஒரு தீப்பெட்டி.

"சேர்ல இரு. வாயைத் திற. டாக்டர் பாக்கட்டும், நானும் பாக்குகேன்," என்றார் விஜயலக்ஷ்மி. கைப்பையிலிருந்து டார்ச் வெளியே வந்தது.

வினீத் வாயைத் திறக்கவில்லை.

"திறடா."

வினீத் தலையாட்டினான். இந்த முறை இடமும் வலமுமாக.

"மேடம், பேஷண்ட் தவிர மத்தவங்க வெளிய இருக்கணும். அதாக்கும் இங்க ரூல்," என்றாள் ரேஷ்மி.

ரூல் என்ற சொல்லுக்கு விஜயலக்ஷ்மி முப்பது வருடம் தலைவணங்கியவர். வெளியே போனார். அரைக்கதவு ஆடி நின்றது.

"இனி திறக்கலாம்."

"இல்ல, எனக்குப் பல்லு அத்தனை பிராப்ளம் இல்ல..."

"கம்பி எங்க? விழுங்கல்லையே?"

வினீத்தின் கண்கள் பெரிதாயின.

"பர்ஸ்ல."

"நல்லது. விழுங்கினவங்களும் உண்டு. மூச்சுக் குழாய்க்குப் போனா பின்னே பல் டாக்டர் போதாது. இப்ப திறங்க."

அவன் திறந்தான். ரேஷ்மி சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தாள்.

"கீழ முன்பல்லுக்குப் பின்பக்கம் பாருங்க. ஈறு கீழ இறங்கியிருக்கு. அந்த மஞ்சளாத் தெரியறது வேரு. எத்தனை வருஷமாச்சு?"

"ரெண்டு வருஷம் ஆகப் போகுது. பெங்களூர்ல ஃபிரண்ட்ஸ் நாலு பேரு சேந்து... மத்த மூணு பேரும் கடைசி நிமிஷத்துல நழுவிட்டானுங்க."

"ரெண்டு வருஷமா கம்பி அங்க உரசியிருக்கு. இந்தப் பக்கம் கடைவாய்ப் பல்லு. மூணு இடத்துல சில்லு தெறிச்சிருக்கு. மூணும் பழசு. எங்க அம்மை வடை வந்தது நாலாவதுக்குத்தான். அதுவும் வடை உடைக்கல்ல, வடைக்கு நடுவுல நீங்க கொண்டுபோன குண்டு உடைச்சது."

"சுடுதண்ணி குடிச்சா கூசும். நான் அது ஸ்ட்ரெஸ்ஸுன்னு நெனச்சேன்."

"வேருக்கு என்ன ஸ்ட்ரெஸ்ஸு."

"இனி சரியாகுமா?"

"உடைஞ்ச பல்லை நான் கட்டித் தருவேன். நாக்கு ஓட்டை தானா தூந்துடும். இறங்கின ஈறு தானா ஏறாது. உள்ளதைக் காப்பாத்தலாம், கம்பி இனி வாய்க்குள்ள போகல்லைன்னா."

வினீத் கண்ணாடியை மடியில் வைத்தான்.

"டாக்டர், பிளீஸ். அம்மைக்கிட்ட பறயாண்டாம்."

"நான் பறய மாட்டேன். பேஷண்ட் வாய்க்குள்ள பாத்ததை வெளிய சொல்லுறது எங்களுக்கு வழக்கமில்லை. ஆனா உங்க அம்மை எழுத்து கேட்டிருக்காங்க. எழுதினா உள்ளதைத்தான் எழுதுவேன்."

அப்போது வெளியிலிருந்து விஜயலக்ஷ்மியின் குரல் அரைக்கதவுக்கு மேலாக உள்ளே வந்தது.

"குண்டை மாத்திக் கொடுத்தீங்களா? என்கிட்டயா?"

மூன்று நாளாகத் தாங்க முடியாததைப் பூதலிங்கம் அன்று உளறிவிட்டார். தன் சரக்கு ஒருவர் கையில் பொய்ச் சாட்சியாக இருப்பதை எந்த வியாபாரியாலும் பொறுக்க முடியாது.

"பழக்க தோஷத்துல பையில போட்டேன் மேடம். பையில ஏற்கெனவே ஒண்ணு கிடந்தது. அதுதான் உங்ககிட்ட வந்தது. சரியான குண்டு இந்தத் தீப்பெட்டியில இருக்கு. உங்க குண்டு காந்தத்துல ஒட்டும், இது ஒட்டாது. பாருங்க."

"அப்ப இது என்ன குண்டு?"

தீப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சாட்சியை மாத்துறது ஒரு குத்தம். மறைக்கிறது ரெண்டாவது. ரெண்டையும் சேத்துதான் சனிக்கிழமை வாசிப்பேன். சாலையில உங்க பேரைச் சொல்லி இனி ஒரு பேரிங் போகுமான்னு பாப்போம்."

உள்ளே வினீத் அரைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடக்கூடிய மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் வசவு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவன் சேரிலிருந்து இறங்கினான். பர்ஸை எடுத்தபடி கதவைத் தள்ளினான்.

"அங்கிள், அந்தக் குண்டைத் தாங்க."

பர்ஸில், பழைய சிம் கார்டு உறைக்குள், ஒரு சின்னக் கம்பி இருந்தது. அதன் ஒரு முனையில் குண்டு. மறு முனை மொட்டை. பூதலிங்கம் தீப்பெட்டியைத் திறக்கவில்லை. கம்பியை வாங்கி மொட்டை முனையை வெளிச்சத்தில் பார்த்தார். மரை. பிறகுதான் தீப்பெட்டியிலிருந்து குண்டை எடுத்து அதில் வைத்து முறுக்கினார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. கச்சிதமாக உட்கார்ந்தது.

"கையால முறுக்கினா லூசாகத்தான் செய்யும்," என்றார் அவரையறியாமல். "இதுக்கு ஒரு லாக் வாஷர் வைக்கல்லியா?"

வினீத் அம்மாவின் எதிரில் நின்று நாக்கை நீட்டினான்.

விஜயலக்ஷ்மி டார்ச்சை அடித்துப் பார்த்தார். நாக்கின் நடுவில் ஒரு புள்ளித் துளை. டார்ச் அணைய வெகுநேரம் ஆயிற்று.

"எந்த வருஷம்?"

"2002. ஆகஸ்ட்."

"யாருகிட்ட அனுமதி கேட்ட?"

வினீத் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"இந்த ஆறு மாசமா நீ வாய் திறக்காதது?"

"அடக்கம் இல்லம்மா."

"நான் நாப்பது வீட்டுல சொல்லியிருக்கேன்."

"தெரியும். நீங்க சொல்லும்போதெல்லாம் தலையாட்டினது நான்தானே."

விஜயலக்ஷ்மி பெஞ்சில் உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பேனா," என்றார் ரேஷ்மியிடம். "எனக்கதுல மை தீந்துபோச்சு. நாலு பக்கம் எழுதியிருந்தேன்."

பூதலிங்கம் தொண்டையைச் செருமினார். "மேடம், எழுத்து வேண்டாம். எல்லாம் புரிஞ்சாச்சுல்லா."

"உங்களுக்கு வேண்டாம். உங்க சம்சாரத்துக்கு வேணும்."

பூதலிங்கம் முதன்முறையாக அந்த அம்மாளை மதிப்போடு பார்த்தார்.

*

முப்பது வருடம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய விஜயலக்ஷ்மியின் கை தமிழுக்கு வந்ததும் கொஞ்சம் தடுமாறியிருந்தது. பொன்னம்மை காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வாசித்தாள்.

'பொருள்: உளுந்து வடை மீதான குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுதல். பார்வை: ஒன்று, கடந்த ஞாயிறு மாலை பரிமாறப்பட்ட வடை. இரண்டு, மேற்படி வடையில் காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட குண்டு. விசாரணையில் குண்டு வடையிலிருந்து வாய்க்குச் செல்லவில்லை, வாயிலிருந்து வடைக்குச் சென்றது எனத் தெளிவாகிறது. வடை குற்றமற்றது. மேலும் அது மிக மிருதுவாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.'

இரண்டாம் முறையும் வாசித்தாள். பிறகு அதை மடித்து அடுக்களைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினாள். ஸ்டவ் பற்றும் சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் விஷயம் என்ன?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"நாளைக்குப் பல்லு கட்டணும். ஆறு மாசம் கழிச்சு செக்கப்பு," என்றாள் ரேஷ்மி.

"செக்கப்புக்கு மட்டும்தானா?"

"முதல்ல ஈறு எப்படி இருக்குன்னு பாப்போம். இன்னிக்குப் போகும்போது முழுசா அஞ்சு நிமிஷம் பேசினாரு. நல்லாத்தான் பேசுகாரு. இத்தனை நாளும் வீணா மூடி வச்சிருந்திருக்காரு."

காப்பி வந்தது. மூன்று நாள் கழித்து வந்த காப்பியை பூதலிங்கம் கண்ணை மூடிக் குடித்தார்.

மறுநாள் காலை குளித்துவிட்டுத் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டார். மேஜை மேல் விஜயலக்ஷ்மி திருப்பிக் கொடுத்த கவர் கிடந்தது. பிரித்துக் குண்டை எடுத்தார். கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போயிற்று.

விரல் உள்ளே போகவில்லை. பையின் வாயை மூடித் தைத்திருந்தது. நெருக்கமான தையல், கறுப்பு நூலில்.

குண்டு நழுவித் தரையில் குதித்தது. உருண்டு போய் அடுக்களை வாசற்படியில் முட்டி நின்றது.

பொன்னம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தம்மா தப்பாச் சொன்னது வடையைத்தான்," என்றாள். "பாக்கெட்டைப் பத்தி நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லை. அது எது, ஆறு மில்லியா?"

பூதலிங்கம் குனிந்து எடுக்கக்கூட இல்லை. சத்தமே போதும் அவருக்கு.

"கால் இஞ்ச்," என்றார்.